தாங்குவோரும் வாங்குவோரும்

இங்கிலாந்தின் கால்பந்துச் சீட்டு விலையைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் ஒரு பதில் ஆயத்தமாக வந்து நிற்கும். "அரங்கம் நிறைகிறதா, இல்லையா? நிறைகிறது. அப்படியானால் விலை சரியானதே. கட்டுப்படியாகாதவன் வீட்டில் அமர்ந்து தொலைக்காட்சியில் பார்த்துக்கொள்ளட்டும்." பொருளாதாரம் படித்தவர்கள் மட்டுமின்றி, மற்ற எல்லாவற்றிலும் ஏழைக்குப் பரிந்து பேசுகிற நண்பர்களும் இந்த ஒன்றில் இப்படித்தான் பேசுகிறார்கள். விளையாட்டு ஒரு கேளிக்கை. கேளிக்கைக்கு நியாய விலை என்று ஒன்று உண்டா என்பது அவர்கள் கேள்வி.

உண்டு என்பதே என் கட்சி. கால்பந்து ஆதரவாளரிடம் இன்று வசூலிக்கப்படும் விலை நியாயமற்றது; அதை நியாயப்படுத்தச் சொல்லப்படும் காரணங்கள் ஒவ்வொன்றும் உரசிப் பார்த்தால் சாயம் வெளுப்பவை.

இலக்கியம் பேசுவோருக்கு இதில் என்ன அக்கறை என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஒரு சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். அரங்கத்துக்கு வருபவரை நாம் இரசிகர் என்கிறோம். இரசிகர் என்பவர் சுவைப்பவர். எதிரே அமர்ந்து துய்ப்பவர். ஆங்கிலேயர் தம் கழகத்தோடு ஒட்டியவரை 'சப்போர்ட்டர்' என்கின்றனர். அந்தச் சொல்லின் வேர்ப்பொருள் தாங்குதல். கீழே நின்று சுமப்பவர் அவர். சுவைப்பவரிடம் விலை கேட்கலாம். தாங்குபவரிடம், 'நீ தாங்குவதற்கு இவ்வளவு கட்டணம்' என்று கேட்பது வேறு வகைப்பட்ட செயல். இந்த வழக்கின் முழுச் சிக்கலும் இவ்விரு சொற்களுக்கும் இடையில்தான் இருக்கிறது.

*

முதலில் இந்தக் கழகங்கள் யாருடையவை என்று பார்ப்போம். எவர்ட்டன் கழகம் 1878இல் ஒரு மெதடிஸ்டு தேவாலயத்தின் இளைஞர்களால் தொடங்கப்பட்டது. மான்செஸ்டர் யுனைட்டெட் அதே ஆண்டில் நியூட்டன் ஹீத் என்ற பெயரில் இரயில்வேப் பட்டறைத் தொழிலாளர்கள் அமைத்தது. ஆர்சனல் 1886இல் வுல்விச் ஆயுதச்சாலைத் தொழிலாளர்களின் படைப்பு. வெஸ்ட் ஹாமின் மூலம் 1895இல் தேம்ஸ் நதிக்கரைக் கப்பல் கட்டும் தொழிற்சாலையில் இருக்கிறது. முதலீட்டாளர் எவரும் சந்தை ஆய்வு செய்து இவற்றைத் தொடங்கவில்லை. பட்டறையும் தேவாலயமும் தம் ஓய்வு நேரத்தில் ஈன்றெடுத்த பிள்ளைகள் இவை.

பின்னர் இவை வரையறுக்கப்பட்ட நிறுமங்களாக மாறின என்பது உண்மை. ஆயினும் இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் ஒரு கடிவாளம் வைத்திருந்தது. அதன் 34ஆம் விதி பங்காதாயத்துக்கு உச்சவரம்பு விதித்தது. இயக்குநர்கள் ஊதியம் பெறுவதையும் தடுத்தது. கழகம் என்பது இலாபம் கறக்கும் பசுவன்று என்ற கருத்து சட்டத்தின் எழுத்திலேயே இருந்தது. 1983இல் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் மேலே ஒரு தாய் நிறுவனத்தை உருவாக்கி, அதன் பங்குகளைப் பங்குச்சந்தையில் விற்றபோது அந்தக் கடிவாளம் அறுந்தது. விதி கழகத்தைத்தான் கட்டுப்படுத்தும். கழகத்தின் உரிமையாளரான நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாதல்லவா? மற்றவர்களும் அதே வழியில் நடந்தார்கள்.

எனவே "இது தனியார் வணிகம், விலை வைப்பது அவர்கள் உரிமை" என்று சொல்கிறவர்கள், அது எவ்வாறு தனியார் வணிகம் ஆயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நூறாண்டுகள் ஊர்ப் பொதுவாய் வளர்ந்த மரத்துக்கு வேலி போட்டவர், பழத்துக்கு விலை சொல்லுகிறார். சட்டப்படி அவர் செய்தது சரியாகவே இருக்கலாம். நியாயம் என்பது அதற்கு மேலான கேள்வி.

*

அடுத்தது, காற்றில் பறக்கவிடப்பட்ட ஒரு பரிந்துரை. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் லிவர்பூலும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டும் ஆடவிருந்த அரையிறுதிப் போட்டியில் ஏற்பட்ட நெரிசலில் லிவர்பூல் ஆதரவாளர்கள் 97 பேர் உயிரிழந்தனர். பழி முதலில் இறந்தவர்கள் மீதே சுமத்தப்பட்டது. 2016இல்தான் விசாரணை நடுவர் குழு, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்றும், ஆதரவாளர்கள் மீது தவறில்லை என்றும் தீர்ப்பளித்தது.

அந்தப் பேரழிவை ஆராய்ந்த நீதிபதி டெய்லரின் இறுதி அறிக்கை 1990 சனவரியில் வெளியாயிற்று. நின்றுகொண்டு பார்க்கும் படிக்கட்டுகளை ஒழித்து, அனைவருக்கும் இருக்கை அமைக்கவேண்டும் என்பது அதன் முக்கியப் பரிந்துரை. எல்லோரும் நினைவில் வைத்திருப்பது இதைத்தான். இருக்கை வந்தால் விலை ஏறி ஏழைகள் வெளியே தள்ளப்படுவார்களே என்ற அச்சத்தையும் டெய்லர் கணக்கில் எடுத்திருந்தார். கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் அரங்கில் இருக்கைக்கு 6 பவுண்டும் நிற்பதற்கு 4 பவுண்டும் வசூலிக்கப்படுவதை எடுத்துக்காட்டி, நின்று பார்த்தவர்களின் மடிக்கு ஏற்ற விலையில் இருக்கை தர முடியும் என்று அவர் எழுதினார். இதை நினைவில் வைத்திருப்போர் குறைவு.

அறிக்கையின் ஒரு பாதியைக் கழகங்கள் செம்மையாக நிறைவேற்றின. 1994 ஏப்ரல் 30 அன்று லிவர்பூலின் புகழ்பெற்ற 'காப்' படிக்கட்டில் ஆதரவாளர்கள் கடைசியாக நின்று பார்த்தார்கள். அடுத்த பருவத்தில் அங்கே இருக்கைகள் வந்தன. மறுபாதி என்ன ஆயிற்று? 1990இன் 6 பவுண்டை இங்கிலாந்தின் விலைவாசி உயர்வோடு பெருக்கிப் பாருங்கள். எந்தக் குறியீட்டெண்ணை எடுத்தாலும் 20 பவுண்டைத் தாண்டாது. 2024 நவம்பரில் மான்செஸ்டர் யுனைட்டெட் அந்தப் பருவத்தின் எஞ்சிய போட்டிகளில் உறுப்பினர்களுக்கு மீதமிருந்த இருக்கைகளின் விலையை 66 பவுண்டாக உயர்த்தியது. சிறுவருக்கும் முதியோருக்கும் இருந்த சலுகையையும் எடுத்துவிட்டது. அந்த இருக்கைகள் எண்ணிக்கையில் சொற்பமே என்று கழகத்தின் தரப்பில் சொல்லலாம். ஆனால் தாத்தாவோடு வரும் பத்து வயதுப் பேரனும் முழு வருமானமுள்ள ஆடவனும் ஒரே தொகையைக் கட்டவேண்டும் என்ற முடிவில் வெளிப்படும் மனப்பான்மை சொற்பமானதன்று.

உயிர்ப்பலியின் பேரால் நவீனமாக்கப்பட்ட அரங்கங்கள் இவை. அந்த நவீனத்தின் செலவை இறந்தவர்களின் அண்டை வீட்டுக்காரர்களிடமே வசூலித்ததைவிடக் கொடிய முரண் இந்த விளையாட்டின் வரலாற்றில் எனக்குத் தெரிந்து வேறில்லை.

*

"பணம் வேண்டாமா? உலகத்தரமான ஆட்டக்காரர்களுக்குக் கோடிகளில் ஊதியம் தரவேண்டியிருக்கிறதே" என்பது அடுத்த வாதம். கணக்கைப் பார்ப்போம். 1992இல் பிரீமியர் லீக் தொடங்கியபோது, ஐந்தாண்டு ஒளிபரப்பு ஒப்பந்தம் 304 மில்லியன் பவுண்டு என்று அறிவிக்கப்பட்டது. 2016 முதல் 2019 வரையிலான மூன்று பருவங்களுக்கு உள்நாட்டு ஒளிபரப்பு உரிமை மட்டும் 5,136 மில்லியன் பவுண்டுக்குப் போனது. அயல்நாட்டு உரிமைகள் இதற்கு வெளியே. இன்று பிரீமியர் லீக் கழகங்களின் மொத்த வருவாயில், போட்டி நாளன்று அரங்கத்தில் ஈட்டுவது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான். அதிலும் ஒரு பெரும்பகுதி, கண்ணாடி அறைகளில் விருந்துண்டபடி பார்க்கும் கனவான்களிடமிருந்து வருவது. எளிய ஆதரவாளரின் சீட்டுப்பணம் எஞ்சியதற்குள் அடங்கிவிடும்.

அதாவது, எவரிடம் வாங்காவிட்டாலும் கழகம் நொடித்துப்போகாதோ அவரிடம்தான் இறுக்கிப் பிடிக்கிறார்கள். இதைப் பேயர்ன் மூனிக் கழகத்தின் தலைவராயிருந்த ஊலி ஹூனஸ் 2010களில் மிக எளிமையாக விளக்கினார். நின்று பார்ப்பதற்கான சீசன் டிக்கெட்டுக்குத் தாங்கள் 104 பவுண்டு வாங்குவதாகவும், 300 வாங்கினால் ஆண்டுக்கு 2 மில்லியன் பவுண்டு கூடுதலாகக் கிடைக்கும் என்றும் சொன்னார். ஆட்டக்காரர் ஒருவரை வாங்கும் பேரத்தில் அந்தத் தொகையைப் பற்றி ஐந்து நிமிடம் வாதிடுவார்கள்; ஆதரவாளருக்கோ 104க்கும் 300க்கும் உள்ள வேறுபாடு மலையளவு; ஆதரவாளர்கள் கறப்பதற்கான பசுக்கள் அல்லர் என்பது அவர் பேச்சின் சாரம். ஹூனஸ் துறவியல்லர், வரி ஏய்ப்புக்காகச் சிறை சென்றவர். அவருக்கே புரிந்த இந்தக் கணக்கு, இங்கிலாந்தின் கழக உரிமையாளர்களுக்குப் புரியாதிருக்க வழியில்லை.

ஊதியச் செலவைக் காட்டி விலையை ஏற்றுவதில் இன்னொரு மயக்கமும் உண்டு. இருபது கழகங்களும் ஒரே சமயத்தில் விலையை உயர்த்தி, ஒரே ஆட்டக்காரர்களுக்காக ஏலத்தில் நின்றால், உயர்வது ஆட்டக்காரரின் விலையும் முகவரின் தரகும் மட்டுமே. பட்டியலில் முதலிடம் ஒன்றுதான். கடைசி மூன்று இடங்களும் மாறா. ஆதரவாளர் கூடுதலாகக் கொடுத்த பணம் அவருக்குக் கூடுதலான வெற்றியை வாங்கித்தரவில்லை.

*

இனி, "பிடிக்காவிட்டால் வாங்காதே" என்னும் பிரம்மாஸ்திரத்துக்கு வருவோம். சந்தை என்பதன் அடிப்படை, வாங்குபவன் ஒரு கடையை விட்டு இன்னொரு கடைக்குப் போகலாம் என்பது. ஒரு சோப்பு விலையேறினால் மற்றொரு சோப்பு. எவர்ட்டன் விலை மலிவு என்பதற்காக லிவர்பூல் ஆதரவாளர் ஒருவர் கட்சி மாறுவார் என்று அந்த நகரத்தில் சொல்லிப்பாருங்கள், சிரிப்பார்கள். தந்தை வழியாகவோ தெரு வழியாகவோ வந்து ஒட்டிக்கொண்ட பற்று அது. தாய்மொழியைப் போன்றது, விலைப்பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது அன்று. போட்டியாளரே இல்லாத இந்த விசுவாசத்தை வைத்து விலை நிர்ணயிப்பதைச் சந்தை என்று சொல்வது சொற்குற்றம். அன்பைப் பிணையாக வைத்து வாங்கும் வட்டி என்பதே பொருந்தும்.

அரங்கம் நிறைகிறது என்ற வாதத்தின் ஓட்டையும் இங்கேதான். நிறைகிறது, யாரால் நிறைகிறது? 40,000 இருக்கைகள் நிறைந்திருப்பது, 40,000 பேர் அந்த விலையைக் கொடுக்க முடிந்தது என்பதை மட்டுமே காட்டும். நேற்று வந்துகொண்டிருந்தவர் இன்று இல்லை என்பதைக் காட்டாது. மூன்று பிள்ளைகளில் ஒருவனை மட்டும் அழைத்துவந்த தந்தை அந்தக் கணக்கில் தெரியமாட்டார். வெளியே நிற்பவர்களை எண்ணாத கணக்கு, எப்போதும் உள்ளே இருப்பவர்களுக்குச் சாதகமாகவே இருக்கும்.

"விலையைக் குறைத்தால் கள்ளச்சந்தைக்காரன் அள்ளிக்கொண்டு போவான்; அந்த இலாபம் கழகத்துக்கே வரட்டுமே" என்று இன்னொரு வாதம். இதற்கு நடைமுறையே பதில் சொல்லிவிட்டது. 2013இல் ஆங்கில ஆதரவாளர் கூட்டமைப்பு, வெளியூர் ஆட்டச் சீட்டுக்கு 20 பவுண்டே போதும் என்று இயக்கம் தொடங்கியது. 2016 மார்ச்சில் பிரீமியர் லீக் கழகங்கள் இறங்கிவந்து, வெளியூர் ஆதரவாளருக்கு 30 பவுண்டு உச்சவரம்பு விதித்தன. 2016-17 பருவத்தில் நடைமுறைக்கு வந்த அந்த வரம்பு மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. கழகம் ஏதும் திவாலாகவில்லை. லீகின் பகட்டும் குறையவில்லை. வெளியூர்ச் சீட்டுகள், ஆண்டுக்கணக்கில் அணியைப் பின்தொடர்ந்தவர்களுக்கு முன்னுரிமை தரும் முறையில் பகிரப்படுகின்றன. பகிர்வு முறை ஒழுங்காயிருந்தால் மலிவான சீட்டும் உரியவர் கைக்கே போய்ச் சேரும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

கள்ளச்சந்தையைப் பற்றிக் கவலைப்படும் பெரிய மனிதர்கள் 2026 உலகக் கோப்பையைப் பார்க்கட்டும். 2025இல் சீட்டு விற்பனை தொடங்கியபோது, கேட்பாரின் எண்ணிக்கைக்கேற்ப ஏறியிறங்கும் விலைமுறையை ஃபிஃபா புகுத்தியது. இறுதிப் போட்டியின் உயர்விலை 6,730 டாலர். அதே ஆண்டு திசம்பரில், ஆடும் நாடுகளின் ஆதரவாளர்களுக்கென ஒதுக்கிய சீட்டுகளின் விலை வெளியாயிற்று. இறுதிப் போட்டிக்கு மிகக் குறைந்தது 4,185 டாலர். 2022இல் கத்தாரில் நடந்த இறுதிப் போட்டியின் மிக உயர்ந்த பொதுச் சீட்டே ஏறத்தாழ 1,600 டாலர்தான். கண்டனம் எழுந்ததும் ஒவ்வொரு போட்டிக்கும் 60 டாலர் சீட்டுகள் உண்டென்று ஃபிஃபா அறிவித்தது. எத்தனை? ஓர் அணிக்கு அரங்கின் 8 விழுக்காடு ஒதுக்கீடு. அதில் 10 விழுக்காடு. ஆயிரம் இருக்கைகளில் எட்டு! இன்னொன்றும் கேளுங்கள். வாங்கிய சீட்டை மறுவிற்பனை செய்ய ஃபிஃபாவே நடத்தும் தளத்தில், விற்பவரிடம் 15 விழுக்காடும் வாங்குபவரிடம் 15 விழுக்காடும் தரகு. கள்ளச்சந்தை ஒழியவில்லை, சீருடை அணிந்துகொண்டது.

*

இப்போது என் முதன்மையான வாதத்துக்கு வருகிறேன். ஆதரவாளர் வெறும் நுகர்வோர் அல்லர். விற்கப்படும் பண்டத்தை ஆக்குவோரில் அவரும் ஒருவர்.

2020 சூனில், பெருந்தொற்று முடக்கத்துக்குப் பின் பிரீமியர் லீக் ஆளில்லா அரங்குகளில் மீண்டும் தொடங்கியது நினைவிருக்கும். இருபத்திரண்டு ஆட்டக்காரர்களும் அவர்களே. பந்தும் புல்லும் அவையே. ஆயினும் ஒளிபரப்பு நிறுவனம் என்ன செய்தது? கணினி விளையாட்டுக்காகப் பதிவு செய்துவைத்திருந்த கூட்டத்தின் ஆரவாரத்தை எடுத்து ஒளிபரப்போடு ஒட்டியது. காரணம் வெளிப்படை. கூட்டத்தின் குரல் இல்லாத கால்பந்து, உரலில்லாத உலக்கையாக இருந்தது. நம்மூரில் நள்ளிரவு கடந்தும் விழித்திருந்து இந்த ஆட்டங்களைப் பார்க்கிற கல்லூரி மாணவர்கள் வரை, உலகெங்கும் விற்கப்படுவது அந்தக் குரலும் சேர்ந்ததுதான். அந்தக் குரலுக்கு உரியவருக்கு ஒளிபரப்புப் பணத்தில் ஒரு காசு பங்கில்லை, போகட்டும். குரல் கொடுக்க உள்ளே வருவதற்கு அவரே 60 பவுண்டு கட்டவேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? ஊர் கூடித் தேர் இழுக்கிறது. வடம் பிடிப்பவனிடம் வரி வசூலிக்கிறார் தேர்மேல் அமர்ந்திருப்பவர்.

இது வெறும் உணர்ச்சி வாதமன்று என்பதை ஆதரவாளர்கள் தம் செயலால் மெய்ப்பித்திருக்கிறார்கள். 2016இல் லிவர்பூல் கழகம் புதிய மாடத்தின் உயர்விலையை 77 பவுண்டு என்று அறிவித்தது. பிப்ரவரி 6 அன்று சன்டர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் ஏறத்தாழ 10,000 பேர் எழுந்து வெளியேறினார்கள். அப்போது 2-0 என முன்னணியில் இருந்த லிவர்பூல், காலியான மாடங்களின் முன்னே இரண்டு கோல் வாங்கி 2-2 என்று முடித்தது. சில நாள்களிலேயே உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு, உயர்விலையை 59 பவுண்டிலேயே நிறுத்திவைத்தனர். அதே வாரத்தில், பிப்ரவரி 9 அன்று, ஸ்டுட்கார்ட் நகரின் விலையை எதிர்த்து டார்ட்மண்ட் ஆதரவாளர்கள் தொடக்க நிமிடங்களில் வெளியே நின்றுவிட்டு, பிறகு உள்ளே வந்து மைதானத்தில் டென்னிஸ் பந்துகளை எறிந்தார்கள். 2020 அக்டோபரில் தொலைக்காட்சியில் ஒரு ஆட்டத்துக்கு 14.95 பவுண்டு தனிக்கட்டணம் கேட்டபோது, நியூகாசில் ஆதரவாளர்கள் அந்தத் தொகையை உணவு வங்கிக்குக் கொடுத்தார்கள். பிற ஊரார் பின்தொடர்ந்தார்கள். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. நுகர்வோர் மனம் சலித்தால் கடையை மாற்றுவர். கடையை விட்டுப் போகாமல் கடைக்காரனைத் திருத்த முயல்பவர், அந்தக் கடையில் தமக்கும் பாத்தியதை உண்டு என்று நம்புகிறவர். அந்த நம்பிக்கை மெய்யென்பதைக் கழகங்கள் பணிந்ததே காட்டும்.

*

அப்படியானால் எது நியாய விலை? இலவசமாகக் கொடுங்கள் என்று எவரும் கேட்கவில்லை. கண்ணாடி அறைக்காரரிடம் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கட்டும். அவர் சுவைக்க வந்தவர். நான் சொல்வது வேறு. ஒவ்வோர் அரங்கிலும் ஒரு கணிசமான பங்கு, வெளியூர்ச் சீட்டுக்கு உள்ளதைப் போன்ற உச்சவரம்புக்கு உட்படட்டும். சிறுவர், இளைஞர், முதியோர் சலுகை கழகத்தின் கருணையாக இன்றி விதியாக இருக்கட்டும். கேட்பாரின் ஆசையை அளந்து ஏறும் விலைமுறை இந்த விளையாட்டில் நுழையாதிருக்கட்டும். செருமனியில் 1998 முதல் உள்ள '50+1' விதியின்படி, சில விலக்குகள் நீங்கலாக, கழகத்தின் வாக்குரிமைப் பெரும்பான்மை உறுப்பினர்களிடமே இருக்கிறது. டார்ட்மண்டின் தென்மாடத்தில் ஏறத்தாழ 25,000 பேர் இன்றும் நின்றபடி மலிவு விலையில் பார்க்கிறார்கள். அந்த மஞ்சள் சுவரைக் காண அயல்நாட்டவர் விமானமேறி வருகிறார்கள். மலிவு விலை தரத்தைக் கெடுக்கும் என்பவர்கள் அந்த மாடத்தை ஒருமுறை பார்க்கட்டும்.

இங்கிலாந்தும் அசைந்திருக்கிறது. 2025 சூலையில் நிறைவேறிய கால்பந்து ஆளுகைச் சட்டம் தனி ஒழுங்காணையரை ஏற்படுத்தி, சீட்டு விலை மாற்றங்கள் குறித்துக் கழகங்கள் ஆதரவாளரைக் கலந்துபேச வேண்டும் என்கிறது. விலையை நிர்ணயிக்கும் அதிகாரம் அவருக்கில்லை. கலந்துபேசுதல் என்பது, முடிவெடுத்த பின் அறிவிப்பதற்கான நாகரிகப் பெயராக மாறிவிடுமோ என்ற ஐயம் எனக்கு உண்டு. ஆனாலும் ஆதரவாளர் இந்த விவகாரத்தில் ஒரு தரப்பினர் என்பதை நாட்டின் சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது. இனி "பிடிக்காவிட்டால் வாங்காதே" என்று எவரும் பேச்சை முடித்துவிட முடியாது.

2021 ஏப்ரலில் பன்னிரண்டு பெருங்கழகங்கள் சூப்பர் லீக் என்று தனிக்குடித்தனம் போக முயன்று, ஆதரவாளரின் சினத்தால் இரண்டே நாளில் அத்திட்டம் சரிந்தது. அப்போது அதன் சூத்திரதாரிகள் உள்ளூர் ஆதரவாளரைக் குறிக்கப் பயன்படுத்தியதாகச் செய்தியில் வந்த சொல், 'பரம்பரைச் சொத்தாக வந்தவர்கள்' என்னும் பொருள்பட்டது. பழையன கழிதலாகத் தள்ளிவிடத் தக்கவர்கள் என்ற தொனி அதில் இருந்தது. யார் யாருக்குப் பரம்பரையாக வந்தவர்கள் என்பதில்தான் அவர்கள் பிழைபட்டார்கள். உரிமையாளர்கள் வாங்குவார்கள், விற்பார்கள், போய்விடுவார்கள். தாங்குவோர் அங்கேயே இருப்பார்கள். அவர்களை உள்ளே விடுவதற்குக் கேட்கும் விலையைக் கொண்டுதான் ஒரு கழகம் தன்னை யாருடையதென்று கருதுகிறது என்பதை நாம் அறியமுடியும்.